மச்சானின் வெள்ளை வாகனமும் என் நீல ஜீப்பும்

என் மனைவியின் தம்பி, நாலு சில்லும் இழுக்கிற புத்தம் புது வெள்ளை வாகனம் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டுப் படலைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை. குளிசை போட்டுப் பார்த்தேன், உதவவில்லை. வயிற்றில் இருந்தது பொறாமை. அதை வேறு பெயர் சொல்லி எழுத எனக்கு விருப்பமில்லை.

"அத்தான், வந்து பாருங்கோ. உங்களுக்குத்தானே உதுகளைப் பற்றித் தெரியும்" என்று கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தேன். சுற்றி ஒரு முறை நடந்தேன். ரயரைக் காலால் தட்டினேன். ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் நிமிரக் கூடாது என்று குனிந்து அடியைப் பார்த்தேன். முதுகு நோகத் தொடங்கியதுதான் மிச்சம். நிமிர்ந்து, "வெள்ளை நிறம். ஊத்தை பிடிக்கும்" என்றேன்.

"ஓம் அத்தான், அது உண்மைதான்" என்று சிரித்தான். எதைச் சொன்னாலும் ஓம் என்று சிரிக்கிற மனிதனோடு எப்படிப் பகைக்கிறது?

எங்கள் ஊர் கரம்பொனில் அப்படியொரு வாகனத்துக்கு என்ன வேலை என்று நான் வீட்டுக்குள் வந்து மனைவியிடம் கேட்டேன். எங்கள் தீவு தட்டில் ஊற்றிய கூழ்போலக் கிடக்கிறது. ஏற மலை இல்லை, இறங்க ஆறு இல்லை. யாழ்ப்பாணம்வரைக்கும் வழவழவென்ற காபெற் தார் வீதி. மச்சான் நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவன். நண்டு ஏற்ற அவனிடம் ஒரு சின்ன லொறி இருக்கிறது. இந்த வெள்ளை வாகனத்தில் அவன் போவதெல்லாம் கடைக்கும் கோயிலுக்கும்தான். "பாலைவனத்தில் ஓடுகிற சாமானை வாங்கி வைத்துக்கொண்டு பாண் வாங்கப் போறான்" என்றேன்.

"உங்களுக்கென்ன? அவன்ரை காசு, அவன் வாங்கினவன்" என்றாள் மனைவி.

எனக்கென்ன என்றால், பாலைவனத்தில் ஓடியவன் நான். அவன் தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற பண்ணைப் பாலத்தைத் தாண்டிக் கொழும்புவரை போனதே பெரிய பயணம். என் வாழ்க்கையின் நல்ல பாதியை நான் வளைகுடா நாடொன்றில் சாரதியாக இருந்து தீர்த்தேன். என் முதலாளியிடம் இரண்டு நாலு சில்லு வாகனங்கள் இருந்தன. ஒன்று நீளமும் பாரமுமானது. தார் வீதியில் அதை ஓட்டுவது சும்மா இருப்பதற்குச் சமம். எவ்வளவு வேகத்தில் போனாலும் பின்னால் இருக்கிறவரின் தேநீர் தளும்பாது. மற்றது குட்டையானது, பழையது, அடியில் வில்லுத் தகடு வைத்தது. பெருந்தெருவில் அதை ஓட்டினால் பல்லெல்லாம் ஆடும். ஆனால் மணலில் இறங்கிவிட்டால் கதை மாறும். பெரியது தன் பாரத்தாலேயே புதையும். சின்னது மணலின் மேலே மேலே ஓடிவிடும். எந்த வாகனம் நல்லது என்று என்னிடம் யாராவது கேட்டால், எங்கே போகிறீர் என்று நான் திருப்பிக் கேட்பேன். தாருக்கும் மணலுக்கும் ஒரே வாகனம் கிடையாது என்பதுதான் நான் அங்கே படித்த படிப்பு.

மணலில் ஓட்டுவதற்கு நுட்பம் இருக்கிறது. இறங்குமுன் நாலு ரயரிலும் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் ரயர் சப்பளிந்து அகலமாகும். மேட்டில் நேராக ஏற வேண்டும், சரிவில் குறுக்கே திருப்பினால் உருளும். பிரேக் மிதிக்கக் கூடாது. மிதித்தால் முன் சில்லு மணலைக் குவித்துத் தன் குழியைத் தானே தோண்டும். காலை எடுத்துவிட்டு அது தானாக நிற்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும், அதுவும் இறக்கத்தில் நிற்க வேண்டும். திரும்பித் தாருக்கு வந்ததும் நாலு சில்லுப் பிடியை மறக்காமல் விடுவித்து, காற்றை ஏற்ற வேண்டும். இதெல்லாம் கைக்கும் காலுக்கும் வர எனக்கு எத்தனையோ காலம் எடுத்தது. புதையுண்ட வாகனத்தைக் கொதிக்கிற வெயிலில் மண்வெட்டியால் தோண்டித் தோண்டிப் பழகினேன்.

அந்த முதலாளிக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கொண்டுபோவேன். முதலாளியும் பின் சீற்றில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வருவார். ஏறியதும் நான் கேட்கிற முதல் கேள்வி, எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், "ஏசி காணுமோ?", குளிர் போதுமோ என்பது. அவர் வாயால் பதில் சொன்னதில்லை. ஒரு விரல் மேலே போனால் கூட்ட வேண்டும், கீழே போனால் குறைக்க வேண்டும். அந்த விரலையும் அந்தப் பிள்ளையின் முகத்தையும் நான் பின் சீற்றைக் காட்டுகிற உள்கண்ணாடியில்தான் பார்த்தேன். அவளுக்கு முன்பல் விழுந்ததும், அது திரும்ப முளைத்ததும், முகத்தில் பரு வந்ததும் எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். என் மகளுக்கு முன்பல் விழுந்தது எனக்குத் தொலைபேசியில் தெரியும். விழுந்த பல்லைக் கூரையில் எறிந்தது யாரென்று கேட்டேன். மாமா என்றாள்.

மாமாதான். எல்லாவற்றுக்கும் மாமாதான். அவளை முதல் நன்மை நாளில் நற்கருணை எடுக்க மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக் கோயிலுக்குக் கொண்டுபோனது மாமா. ரியூசனுக்கு ஏற்றி இறக்கியது மாமா. மழை நாளில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது மாமா. நான் விடுமுறையில் வந்தால் பெட்டி நிறையச் சொக்லேற்றோடு வருவேன். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, "மாமாக்கும் ஒண்டு" என்று இன்னொன்றை எடுப்பாள். நான் அனுப்பிய காசில்தானே படித்தாள் என்று சொல்லலாம். சொல்லியும் பார்த்திருக்கிறேன், நெஞ்சுக்கு ஆறுதலாக இல்லை.

ஆகவே அவளுடைய கலியாணப் பயணமாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக நினைத்துவைத்திருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கலியாணப் பொம்பிளை கோயிலுக்குப் போகுமுன் கடற்கரையில் இருக்கிற மாதா கெபிக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும். கல்லால் கட்டிய சின்னக் கெபி அது. எங்கள் படகுகள் ஏறி இறங்குகிற துறைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி மாதா நிற்கிறா. தார் வீதி முடிகிற இடத்திலிருந்து கெபிவரைக்கும் வெறும் மணல், கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும். அந்த மணல் பொம்பிளையின் செருப்புக்குள் போகக் கூடாது, போனால் வீட்டில் ஓயாத சண்டை என்பார்கள். என் மனைவி எங்கள் கலியாணத்தண்டு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனாள். இறங்கும்போது இடது செருப்புக்குள் மணல் போய்விட்டதாம். எங்களுக்குள் வந்த ஒவ்வொரு சண்டையிலும் அந்த இடது செருப்பு வரும்.

இந்தக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் நீளமான, தாழ்ந்த, பூமாலை போட்ட கார் பிடித்துக் கொண்டு வருவார்கள். அது மணலில் பத்தடி போய் வயிற்றை ஊன்றிப் படுத்துவிடும். போன வருடம் ஒரு பொம்பிளை வெள்ளைச் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கெபிக்கு நடந்தாள். மாப்பிள்ளையின் தோழர்கள் கோட்டும் சூட்டுமாய்க் காரைத் தள்ளினார்கள். மீன் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதனால்தான் ஜீப் வாங்கினேன். காரைநகரில் ஒரு கராச்சின் பின்பக்கம் கிடந்தது. பின் சீற்றில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கச் சொன்னார் கராச்காரர், பொறுத்தேன். பிறகு எஞ்சினை இறக்கி ஏற்றினேன். கறள் பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டினேன். சீற்றுக்குப் புது உறை தைப்பித்தேன். மாதாவின் முக்காட்டு நீலம் பூசினேன். பாலைவனத்தில் ஓடிய அந்தக் குட்டை வாகனத்தின் தம்பி மாதிரி இருந்தது அது. அடியில் அதே வில்லுத் தகடு. நாலு சில்லுக்கு மாற்ற அதே இரும்புத் தடி. என் மகளைக் கெபி வாசலில், செருப்பில் ஒரு மணல் ஒட்டாமல் இறக்கிவிடப் போகிறவன் நான், அவளுடைய அப்பன். இதைத் தவிர எனக்கு வேறு கனவு இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வெள்ளை வாகனத்தோடு வந்து நின்றான்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் மனைவி மெதுவாகத் தொடங்கினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையைத் தம்பியின்ரை வாகனத்திலை கொண்டுபோனால் என்ன? உங்கடை ஜீப்பிலை போய் இறங்கேக்கை கொண்டை கலைஞ்சு, பூ எல்லாம் உதிர்ந்துபோம்."

"நீர் பேசாமல் இரும். உந்தப் பாரம் மணலுக்கை இறங்கினால் பிறகு நண்டு லொறியாலை கட்டித்தான் இழுக்கோணும்" என்றேன்.

"இழுக்கோணுமெண்டு ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன். பாலைவனத்திலை ஓடினவன் சொல்லுறன்."

"அப்ப ஓடிப் பாருங்கோவன் ரெண்டையும்" என்றாள். நல்ல யோசனை என்று உடனே ஒத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வெள்ளை வாகனம் நாலு சில்லும் புதைந்து கிடக்கிற காட்சியை அன்றைக்குப் பகல் முழுக்க மனதில் ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் நாலு பேரும் புறப்பட்டோம். மனைவியும் மகளும் போகும்போது ஜீப்பிலும் வரும்போது வெள்ளையிலும் இருந்து பார்ப்பது என்று ஏற்பாடு. முதலில் தார் வீதி. பண்ணைப் பாலம்வரை போய்த் திரும்பினோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், பொறாமை இருக்கிறதே தவிர எனக்குக் கண் தெரியாமல் போகவில்லை. தார் வீதியில் என் ஜீப் தோற்றது. வேகம் கூட்டினால் கதவு ஒரு பாட்டும் அடித்தகடு ஒரு பாட்டும் பாடின. கடலுக்கு நடுவே போகிற அந்த வீதியில் பக்கக் காற்று அடித்தபோது ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கூரையாகக் கட்டிய படங்குச் சீலைக்குள்ளால் உப்புக் காற்று வந்து மகளின் தலைமயிரைச் சிக்காக்கியது. ஒரு பள்ளத்தில் அவள் தலை மேல் கம்பியில் இடித்தது. "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். நான் கேட்கவேயில்லை, அவளே சொன்னாள்.

வரும்போது இரண்டு பேரும் வெள்ளையில் இருந்தார்கள். நான் பின்னால் ஜீப்பில் தனியாக வந்தேன். கண்ணாடிக்குள்ளால் அவர்கள் சிரிக்கிறது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மகள் ஏதோ சொல்ல மச்சான் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். பரவாயில்லை, மணல் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மணல் வந்தது. நான் இறங்கி என் ஜீப்பின் ரயர்களில் காற்றைக் குறைத்தேன். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். "நானும் குறைக்கோணுமோ அத்தான்?" என்று கேட்டான். "உன்ரை வாகனம், உன்ரை விருப்பம்" என்றேன். தடியை இழுத்து நாலு சில்லுக்கு மாற்றி நேராகப் போட்டேன். ஜீப் உறுமிக்கொண்டு, குலுங்கிக்கொண்டு, கெபி வாசலில் போய் நின்றது. நல்ல ஓட்டம். கை தட்டலாம் போன்ற ஓட்டம். திரும்பிப் பார்த்தேன்.

மச்சான் காற்றைக் குறைக்கவில்லை. வாகனத்துக்குள் இருந்து ஒரு வட்டக் குமிழைத் திருப்பினான். அந்தக் குமிழில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கின்றன. மழைக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று. மணலுக்குக் கள்ளிச்செடியின் படம். அவன் கள்ளிச்செடியில் விட்டுவிட்டு வந்தான், அவ்வளவுதான். வெள்ளை வாகனம் சத்தமில்லாமல் மணலில் இறங்கியது. ஒரு சில்லு வீணாகச் சுற்றத் தொடங்கினால் அதை அதுவே பிடித்து, மற்றச் சில்லுக்குப் பலத்தைக் கொடுத்தது. எனக்கு அது தெரிந்தது, ஓட்டுகிறவனுக்குத் தெரியவில்லை. மேட்டின் நடுவில், ஒரு நாளும் நிற்கக் கூடாத இடத்தில், ஒரு நாய் குறுக்கே வந்தது. மச்சான் பிரேக் மிதித்தான். முடிந்தது கதை என்று நான் ஜீப்பை விட்டு இறங்கிவிட்டேன். நாய் போனது. வாகனம் நின்ற இடத்திலிருந்து, வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிற மாதிரிக் கிளம்பி வந்தது.

நான் வெயிலில் தோண்டித் தோண்டிப் படித்ததெல்லாம் அந்தக் குமிழுக்குள் இருந்தது. தாருக்கும் மணலுக்கும் ஒரே வாகனம் கிடையாது என்று சொல்லித் திரிந்தவனுக்கு முன்னால் அந்த ஒரே வாகனம் வந்து நின்றது. அதிலிருந்து நண்டு வியாபாரி இறங்கினான். ஒரு மனிதனிடம் பொறாமைப்படலாம், அது உலக வழக்கம். நான் ஒரு குமிழிடம் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

"எப்பிடி அத்தான்?" என்று கேட்டான்.

"டீசல் கனக்கக் குடிக்கும்" என்றேன்.

"ஓம், அது குடிக்குந்தான்" என்று சிரித்தான்.

மனைவி வெள்ளையின் கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றித் தட்டிக் காட்டினாள். அதில் மணல் இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் மச்சான் என்னிடம் தனியாக வந்தான். வாகனத்தின் திறப்பை என் கையில் வைத்தான். "அத்தான், கலியாணத்தண்டு நீங்களே இதை ஓட்டுங்கோ. உங்களைப்போலை இஞ்சை ஆர் ஓட்டுவினம்? நான் பின்னுக்கு பஸ்ஸிலை சனத்தோடை வாறன்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆயுள் முழுக்க இன்னொருவனின் திறப்பை வாங்கி இன்னொருவனின் வாகனத்தை ஓட்டியவன் நான். மகளின் கலியாணத்தண்டும் அதே வேலையா? "ஏலாது" என்றேன். "என்ரை பிள்ளை என்ரை ஜீப்பிலைதான் போவாள். நான்தான் ஓட்டுவன். குலுங்கினால் குலுங்கட்டும்." திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதற்கும் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு நான் ஜீப்போடு மல்லுக்கு நின்றேன். அடித்தகட்டுக்கு றப்பர் வைத்தேன். மேல் கம்பிக்குப் பஞ்சு சுற்றித் துணி தைத்தேன். சீற்றுக்கு அடியில் இன்னொரு மெத்தை போட்டேன். ஓட்டிப் பார்த்தால் குலுக்கம் அப்படியே இருந்தது. மெத்தை போட்டதால் தலை இன்னும் கொஞ்சம் கம்பிக்குக் கிட்டப் போனதுதான் பலன்.

ஒரு நாள் காலமை நான் முன்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்துச் சீற்றில் ஏறி இருந்தாள்.

"அப்பா, நீங்கள் ஓட்டினால் நான் எங்கை இருக்கிறது?"

"பின்னுக்கு. பொம்பிளை பின்னுக்குத்தானே இருக்கோணும்."

"எனக்குப் பக்கத்திலை?"

"பெரியம்மா இருப்பா. ஏன்?"

"அப்ப நான் கோயில் மட்டும் உங்கடை முதுகைத்தானே பார்த்துக்கொண்டு வரோணும்" என்றாள். "நீங்கள் அனுப்பின படமெல்லாம் பாருங்கோ. எல்லாத்திலையும் ஸ்ரியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள். ஒண்டிலையும் நான் இல்லை. அண்டைக்காவது ஆரும் ஓட்டட்டும். நீங்கள் பின்னுக்கு என்ரை பக்கத்திலை இருங்கோ அப்பா."

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வளைகுடா முதலாளியின் வாகனத்துக்காகவோ வீட்டுக்காகவோ நான் ஒரு நாளும் பொறாமைப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தப் பிள்ளை நித்திரை தூங்கி அவருடைய தோளில் சாய்கிறபோது மட்டும் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிடுவேன். இவ்வளவு காலமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது எந்தச் சீற் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"அப்ப ஜீப்பை ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன். அது அசட்டுக் கேள்வி. என் ஜீப்பின் கியரை என்னைத் தவிர ஒருவராலும் போட முடியாது. மச்சானுக்குக் கியர் போடவே மறந்துபோயிருக்கும், அவனுடைய வாகனம் அதையும் தானே பார்த்துக்கொள்கிறது.

"ஜீப் வேண்டாம். மாமா ஓட்டட்டும்" என்றாள். எங்கே போய் முட்டினாலும் அவன்தான் வந்து நிற்கிறான்.

கலியாண நாளில் ஜீப்பைக் கழுவி, மாமர நிழலில் நிறுத்தி, அதற்கும் ஒரு பூமாலை போட்டேன். மச்சான் கோட்டுப் போட்டுக்கொண்டு வெள்ளை வாகனத்தின் பின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். நான் பழக்க தோஷத்தில் முன்கதவுப் பக்கம் போய், அங்கிருந்து திரும்பி வந்தேன். மகள் இடது பக்கம் இருந்தாள். நான் மச்சானின் சீற்றுக்குப் பின்னால் இருந்தேன். பின் சீற்றில் காலை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வலது கால் தானாக ஒரு மிதியைத் தேடியது. கையை மடியில் வைத்தேன், பிறகு சீற்றில் வைத்தேன். மகள் அதை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாகனம் படலை தாண்டியது. மச்சான் முன்னால் பார்த்தபடியே, "அத்தான், ஏசி காணுமோ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். கேட்கப்படுகிற பக்கத்தில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. விரல் கொஞ்சம் மேலே எழும்பியது. அதை மடக்கிக்கொண்டு, "கொஞ்சம் கூட்டு மச்சான்" என்று வாயால் சொன்னேன்.

மணலில் கள்ளிச்செடிக்குத் திருப்பினான். ஒரு குலுக்கம் இல்லாமல் கெபி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். வாசல் கல்லோடு ஒட்டி நிறுத்தியதால் மகள் நேராகக் கல்லில் கால் வைத்தாள். அதற்குக் குமிழ் இல்லை, அது அவனுடைய கை. மெழுகுதிரி காற்றில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் நான் கையைக் குவித்துப் பிடிக்க, பற்றிக்கொண்டது. மனைவி தார் முடிவில் நின்ற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் செருப்பைக் கவனித்தாள்.

கோயிலுக்குத் திரும்பிப் போகிற வழியில்தான் எனக்கு அது விளங்கியது. மகளின் பக்கத்தில் இருக்கிறேனே தவிர அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. தலையிலிருந்து இறங்கிய வெள்ளை முக்காடு என் பக்கம் முழுக்க மூடியிருந்தது. மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. ஆனால் மச்சான் அடிக்கடி உள்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அவளுடைய முகம் முழுதாகத் தெரிந்தது. பின் சீற்றிலும் வந்து இருந்தாயிற்று, அங்கேயும் அவன்தான் என்னை முந்திக்கொண்டான்.

"மச்சான், உந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நடுவுக்குத் திருப்பு" என்றேன்.

ஓட்டுகிறவனிடம் யாரும் கேட்கக் கூடாத ஒன்று அது. நான் சாரதியாக இருந்த காலத்தில் முதலாளியே கேட்டிருந்தாலும் ஏலாது என்றுதான் சொல்லியிருப்பேன். மச்சான் ஏன் என்று கேட்கவில்லை. கையை நீட்டித் திருப்பினான்.

"இப்ப தெரியுதோ அத்தான்?"

தெரிந்தது. கண்ணாடிக்குள் என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. தொலைபேசிப் படங்களில் அது தெரிந்ததில்லை. நான் திரும்பி வந்த பிறகும் கவனித்ததில்லை.

"ஓம், தெரியுது" என்றேன்.

கோயில் வரும்வரை மச்சான் பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினான். அவளை வளர்த்தவன் அவன். அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கும் அன்றைக்கு ஆசை இருந்திருக்கும். கேட்டதும் கொடுத்துவிட்டான். அவனுடைய இடத்தில் இருந்திருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். வாகனத்தைப் பற்றிய பொறாமை எனக்கு அந்த வீதியிலேயே போய்விட்டது. இப்போது மிச்சம் இருக்கிற பொறாமை, கண்ணாடியைத் திருப்பிய அந்தக் கையைப் பற்றியது.